தேறாதவர்களின் பரீட்சை

"இப்படி ஒரு யோசனை உங்களுக்கு எங்கேயிருந்து வந்துச்சு, மேடம்?"

டீன் மைக்கை அவள் பக்கம் நீட்டினார்.

தெசான்கா இந்தக் கேள்வியை எதிர்பார்த்துத்தான் மேடை ஏறியிருந்தாள். பதில்கூட இரண்டு தயாராக இருந்தன. ஒன்று பொய், ஒன்று உண்மை. எதைச் சொல்லப்போகிறோம் என்பது அவளுக்கே தெரியவில்லை.

அரங்கில் முந்நூறு பேர் இருந்தார்கள். பல்கலைக்கழகத்தின் இந்த வருடச் சிறந்த ஆசிரியர் அவள்தான். 'புதுமையான கற்பித்தலுக்காக' என்று முதுகுக்குப் பின்னால் பெரிய எழுத்தில் எழுதி வைத்திருந்தார்கள்.

அவள் பரீட்சை நடத்தும் அழகைச் சற்று முன்புதான் திரையில் காட்டினார்கள்.

கட்டடப் பொறியியல் துறை, மூன்றாம் மாடி, வாய்மொழித் தேர்வு. ஒரு பையன் பதில் தெரியாமல் திருதிருவென்று விழிக்கிறான். வேறு பேராசிரியராக இருந்தால் அதோடு அவன் கதை முடிந்தது. தெசான்கா எழுந்துபோய் முதலில் ஜன்னலைச் சாத்துகிறாள். பையனைத் தன் நாற்காலியில் உட்காரவைத்துக் காபி ஊற்றிக் கொடுக்கிறாள். மாணவர்கள் உட்காரும் ஸ்டூலில் தான் உட்கார்ந்துகொண்டு, "இப்ப நீ என்னைக் கேளுடா" என்கிறாள்.

அவன் கேட்கும் கேள்வியிலேயே அவனுக்கு எந்த இடம் புரியவில்லை என்பது தெரிந்துவிடும். பாடம் அந்த இடத்திலிருந்து தொடங்கும். முடிந்ததும் அடுத்த தேர்வுக்குத் தேதி குறித்துக் கொடுத்து, வெளிவாசல் வரைக்கும் கூடவே இறங்கிப்போய் அனுப்பிவிட்டு வருவாள்.

ஒன்பது வருடமாக அவள் வகுப்பில் ஒருவன்கூடப் படிப்பைப் பாதியில் விடவில்லை. பெல்கிரேடிலிருந்து வந்த நடுவர்கள் அசந்துபோனார்கள். ஜன்னலைச் சாத்துகிறாளே, அதற்குக்கூட 'அமைதியான சூழல்' என்று தனியாக மார்க் போட்டிருந்தார்கள்.

டீன் கேட்பதும் அந்த ஜன்னலைப் பற்றித்தான். பாவம், அது அவருக்குத் தெரியாது.

பத்து வருடங்களுக்கு முன்னால் அவளும் மற்றவர்களைப் போலத்தான் இருந்தாள். ஒவ்வொரு மாணவனிடமும் ஒரு மதிப்பெண் புத்தகம் உண்டு. தேறினால் பேராசிரியர் அதில் மார்க் எழுதிக் கையெழுத்துப் போடுவார். தேறாவிட்டால் அதைத் தூக்கிக் கதவுக்கு வெளியே எறிவார். பையன் ஓடிப்போய்ப் பொறுக்கிக்கொள்வான், வெளியே காத்திருப்பவர்கள் சிரிப்பார்கள். அவள் படித்த காலத்திலும் அப்படித்தான். யாரும் அதைத் தப்பென்று நினைத்ததில்லை.

நெபோய்ஷா என்ற மாணவன் நான்காவது முறையாகத் தேறாமல் போன அன்று, அவளுக்குக் கதவு வரைக்கும் எறியப் பொறுமையில்லை. ஜன்னல்தான் கைக்குப் பக்கத்தில் இருந்தது.

புத்தகம் தெருவில் விழவில்லை. ஜன்னலுக்குக் கொஞ்சம் கீழே நீட்டிக்கொண்டிருந்த தகரக் கூரையில் தங்கிவிட்டது.

அந்தப் புத்தகம் இல்லாமல் விடுதியில் அறை கிடையாது, கேன்டீனில் சாப்பாடு கிடையாது. "நானே எடுத்துக்கிறேன், மேடம்" என்று, ஏதோ தானே தவறவிட்டதுபோலச் சொல்லிவிட்டு நெபோய்ஷா ஜன்னலில் காலை வைத்தான். தகரம் மழையில் நனைந்து கிடந்தது.

வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு நேரம் இருந்தது. அறையில் காத்திருந்த அடுத்த மாணவியை அவள் மேசைக்குக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

காற்றில் புத்தகம் பறந்துவிட்டது என்று விசாரணையில் சொன்னாள். கேட்டவர்கள் தலையை ஆட்டி எழுதிக்கொண்டார்கள். அடக்கத்தன்று அவன் அம்மா ராத்மிலாவிடமும் அதையே சொன்னாள். அந்த அம்மாள் இவள் கைகளைப் பிடித்துக்கொண்டு, அவ்வளவு தூரம் பஸ் பிடித்து வந்ததற்கு நன்றி சொன்னாள்.

அந்த நன்றியை நினைத்தால் இன்றைக்கும் அவளுக்குச் சாப்பாடு இறங்காது.

"மேடம்?" என்றார் டீன்.

சொல்லிவிடலாம். நாலே நாலு வாக்கியம்தான். இங்கே, இத்தனை பேர் முன்னால் சொல்லிவிட்டால், மேடையை விட்டு இறங்கும்போது வேலை இருக்காது, பெயர் இருக்காது. ஆனால் ஒரு நாளாவது நிம்மதியாகத் தூங்கலாம். அவள் வாயைத் திறந்தாள்.

"வியன்னாவுல ஒரு கருத்தரங்குக்குப் போயிருந்தேன். அங்க பாத்தது."

கைதட்டல் எழுந்தது. தெசான்காவுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

விருதுக்குப் பெயரை எழுதி அனுப்பியவரே மேடைக்கு வந்து கேடயத்தைக் கொடுப்பது வழக்கம். அது யாரென்று அதுவரை வெளியே சொல்லமாட்டார்கள். பழைய மாணவன் எவனாவது இருப்பான் என்று அவள் நினைத்திருந்தாள்.

டீன் உறையைப் பிரித்தார். "திருமதி ராத்மிலா. நம்ம மாணவர் ஒருத்தரோட தாய்."

மூன்றாவது வரிசையிலிருந்து கறுப்பு உடையில் ஒருத்தி எழுந்து, படிகளில் நிதானமாக ஏறிவந்தாள். கேடயத்தைத் தெசான்காவின் கையில் வைத்தாள். அந்த ஊர் முறைப்படி கன்னத்தில் மூன்று முத்தங்கள் உண்டு.

வலது கன்னத்தில் முதல் முத்தம். காதோரமாகச் சன்னக் குரலில் சொன்னாள். "அன்னைக்கு உங்க ரூம்ல உக்காந்திருந்த பொண்ணு எங்கிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டா, டீச்சர். ஆறு வருஷமாச்சு."

இடது கன்னத்தில் இரண்டாவது. "உங்க வாயால ஒரு தடவை கேக்கணும்னு இருந்துச்சு. அதுக்குத்தான் உங்க பேரை எழுதிப் போட்டேன்."

மறுபடி வலது கன்னத்தில் மூன்றாவது. அது வெறும் முத்தம்.

படம் எடுப்பவர் இரண்டு பேரையும் இன்னும் கொஞ்சம் சேர்ந்து நிற்கச் சொன்னார். ராத்மிலாதான் நகர்ந்து வந்து நின்றாள்.