ஒரு நூல் இடப்பக்கம்

"இடுப்பு செத்துப்போச்சு பாய். ரெண்டு நிமிசம் வெளிய வந்து நிமிந்துக்கிடட்டுமா?" காருக்கு அடியிலிருந்து கெஞ்சினார் கணேசபாண்டியன்.

"வாரும் வே. மெத்தை விரிச்சு ஃபேன் போடச் சொல்லுதேன்."

தாராவியில் இருந்த அந்த ஒர்க்‌ஷாப்பின் ஒரே நாற்காலியில் ஹனீப் சாய்ந்திருந்தார். சலவைச் சட்டை, இடக்கையில் சாயா கிளாஸ். பின்பக்கம் இன்ஜின் வைத்த அந்தக் காலத்துக் கார், இன்ஜினைக் கழற்றியதில் வயிறு காலியாகக் கட்டைகள்மேல் நின்றது. கியர்பாக்ஸ் ஜாக்கின்மேல் உட்கார்ந்துகொண்டு, மேலே போக மாட்டேன் என்றது.

"நாளைக்குக் காலம்பற செம்பூர் மண்டபத்துக்குப் பொண்ணு இதுலதான் போகணும். முடிஞ்சிருமா பாய்?"

"நீரு பாக்குற வேகத்துக்கு, பொண்ணுக்குப் பேரன் பொறந்த பெறவு முடியும்."

"யூடியூப்ல ஒருத்தன் பத்தே நிமிசத்துல மாட்டுதான்."

"அவனையே கூப்பிடும். சயான் ஸ்டேசன்ல மாலையோட போயி நிக்கேன்."

கணேசபாண்டியன் பல்லைக் கடித்தார். கண்ணோரம் கிரீஸ் சொட்டியது. துடைக்கக் கை இல்லை.

"போல்ட் ஏற மாட்டேங்குது. சுத்தியலால ஒரு தட்டு தட்டட்டா?"

"தட்டுவீரு! பொண்ணு பஸ்ல போவா. ஜாக்கை அரைச் சுத்து எறக்கும். மெதுவா வே, மெதுவா! இப்பம் ஒரு நூல் இடப்பக்கம் தள்ளும். ஓட்டையும் ஓட்டையும் நேருக்கு நேரா பாக்கணும்."

எந்த ஓட்டை என்பதைக் கால் பெருவிரலால் காட்டினார்.

"சரியா இருக்கா பாய்?"

"எனக்கு என்னவே தெரியும்? நாற்காலியில உக்காந்திருக்கவனுக்கு எல்லா வேலையும் லேசுதான்."

மூச்சைப் பிடித்துத் தள்ளினார் கணேசபாண்டியன். 'ளொட்' என்று ஒரு சத்தம். கியர்பாக்ஸ் சேஸிஸின் கவட்டைக்குள் போய் உட்கார்ந்தது.

"பாய்! போல்ட் கையாலேயே ஏறுது!"

"முழுசா இறுக்கக்கூடாது. இன்ஜின் வந்து சேந்த பெறவுதான் கடைசி இறுக்கு. சபாஷ், அம்பத்தெட்டு வயசுல தொழில் படிச்சிட்டீரு. இன்ஜினை ஏத்திட்டா பொண்ணு ஏறிரலாம்."

கணேசபாண்டியன் முதுகை இழுத்துக்கொண்டு வெளியே வந்தார். ஹனீபின் மனைவி ஷமீமா சோப்பும் ஒரு வாளித் தண்ணீருமாக நின்றாள்.

"கையைக் கழுவுங்க அண்ணாச்சி. பொண்ணோட அப்பா கிரீஸும் கையுமா மண்டபத்துல போயி நிக்கிறதா?"

'நாலு போல்ட்டுக்கு நாலு நாளா?' என்று போன வெள்ளிக்கிழமை பொறுமையிழந்து, ஹனீபின் கை உள்ளே இருக்கும்போதே தன் காரின் ஜாக்கை இறக்கிவிட்டவர் கணேசபாண்டியன்தான். அதன்பிறகு பம்பாயில் வேறெந்த மெக்கானிக்கும் அந்த வண்டியைத் தொடச் சம்மதிக்கவில்லை. ஆஸ்பத்திரிச் செலவைக் கட்டிவிட்டார், கியர்பாக்ஸ் மாட்டும் கூலியை உழைத்துக் கழித்துவிட்டார். ஹனீபுக்கு அவர் இன்னும் தர வேண்டியது வலக்கை விரல்கள் இரண்டு.