விஷாலின் பேட்டரி

காலை பதினொன்று நாற்பதுக்கு மெக்கானிக் வேம்புலி அகல்யாவின் சிவப்புக் காரின் பேட்டரியைக் கழற்றினார்.

பத்து நிமிடம் யாரும் வண்டியைத் தொடக் கூடாது என்றார். சீட்டுக்கு அடியில் ஏர்பேக்குக்குப் போகும் மஞ்சள் பிளக் இருக்கிறது. மிச்சமிருக்கும் மின்சாரம் வடியாமல் அதைப் பிடுங்கினால் ஏர்பேக் வெடித்துவிடும்.

அகல்யா ஸ்டூலில் உட்கார்ந்தாள். கால் தரையைத் தொடவில்லை.

இரண்டே சீட்டுள்ள ஸ்போர்ட்ஸ் கார். ஏழு வருடம் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து சம்பாதித்ததில், பழையதாக வாங்கியது. வாங்கிய நாளிலிருந்து தலையணை போட்டுத்தான் ஓட்டுகிறாள். சீட்டு முன்னே போகும், பின்னே போகும். மேலே வராது. ஆளில்லாத கார் வருகிறது என்று சொல்லித்தான் வானகரம் குடியிருப்பின் காவலாளி கேட்டைத் திறப்பார்.

போன மாதம் தலையணை நழுவியது. கார் தூணில் உரசியது.

அதற்குப் பிறகுதான் தம்பி விஷால் வண்டியைத் தனக்குக் கொடுத்துவிடும்படி கேட்டான்.

இன்றும் வந்திருந்தான். கள்ளிக்குப்பம் ஷெட்டின் வாசலில் பைக்கை நிறுத்தி அதன்மேல் உட்கார்ந்திருந்தான். பந்தயம் இதுதான்: வண்டிக்கு முன்னால் பத்தடியில் தரையில் வைக்கும் ஹெல்மெட், புது சீட்டில் உட்கார்ந்த அகல்யாவின் கண்ணுக்குத் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் சாவி அவனுக்கு.

ஒப்புக்கொண்டவள் அவள்தான்.

இந்த மாடலுக்கு, சுவிட்சை அழுத்தினால் மேலே ஏறும் பவர் சீட்டே கிடையாது, உள்ளே ஒயர்கூடப் போகவில்லை என்று ஷோரூமில் திருப்பி அனுப்பியிருந்தார்கள். வேம்புலி அப்படிச் சொல்லவில்லை. இதே காரின் உயர்ந்த மாடல் ஒன்று உடைப்புக்கு வந்ததும், அதன் சீட்டு இரண்டையும் தேடிப் பிடித்துக் கொண்டுவந்தார். இரண்டு நாள் தரை விரிப்பைத் தூக்கி ஒயர் ஓட்டினார்.

பழைய சீட்டுகள் வெளியே வந்தன. புதியவை உள்ளே இறங்கின. ஓட்டுநர் சீட்டின் முன் போல்ட் இரண்டும் ஏறின.

பின் போல்ட்டுக்கு வேம்புலி குனிந்தார். நிமிர்ந்தார். மறுபடியும் குனிந்தார்.

சீட்டு கடைசி வரை பின்னால் தள்ளி இருந்தது. போல்ட் துளைகள் அதற்கு அடியில். முப்பது வருடமாக லீவரைத் தூக்கி சீட்டைத் தள்ளிப் பழகிய கை. இந்த சீட்டு மோட்டாரில்தான் நகரும், இறக்குவதற்கு முன்பே அதை முன்னே கொண்டுவந்திருக்க வேண்டும் என்பது அந்தக் கைக்குத் தோன்றவில்லை.

இப்போது மோட்டாருக்கு நேராகக் கரண்ட் கொடுக்க வேண்டும். கார் பேட்டரியிலிருந்து கொடுத்தால், ஒயர் ஒரு நொடி தவறினாலும் மோட்டார் கருகிவிடும். இன்னொரு சீட்டு கிடைக்காது. இதற்கென்று வைத்திருந்த சின்ன பேட்டரி எப்போதோ செத்துப்போயிருந்தது.

“பழைய சீட்டையே போட்டுடு அண்ணாத்தே,” என்றான் விஷால். “எனக்கு அது சரியாத்தான் கீது.”

 வேம்புலி கையைத் துணியில் துடைத்தார். துடைத்த கையையே மறுபடியும் துடைத்தார்.

அகல்யா ஸ்டூலிலிருந்து இறங்கினாள். பைக்கைச் சுற்றி ஒரு நடை வந்தாள். அதன் சின்ன பேட்டரியைக் கழற்றித் தரச் சொன்னாள்.

விஷால் சிரித்தான். பயமாக இருந்தால் வேண்டாம் என்றாள் அவள்.

அந்த வார்த்தை அவனுக்கு ஆகாது. ஸ்க்ரூ டிரைவரைக் கேட்டு வாங்கி அவனே கழற்றினான்.

வேம்புலி இரண்டு ஒயரையும் வைத்தார். சீட்டு முனகியது. பிறகு அங்குலம் அங்குலமாக முன்னே வந்தது.

“உனக்கு நீயே வேட்டு வெச்சிக்கினியே நைனா,” என்றார் வேம்புலி.

போல்ட்டுகள் ஏறின. மஞ்சள் பிளக் சேர்ந்தது. கார் பேட்டரி திரும்பவும் அதன் இடத்துக்குப் போனது. சாவியைத் திருப்பியதும் ஏர்பேக் விளக்கு சிவப்பாக எரிந்தது. அது அணையாவிட்டால் எல்லாவற்றையும் கழற்ற வேண்டும்.

ஆறாவது நொடியில் அணைந்தது. வேம்புலி அப்போதுதான் மூச்சு விட்டார்.

அகல்யா தலையணை இல்லாமல் ஏறி உட்கார்ந்தாள். விஷால் ஹெல்மெட்டை வண்டிக்கு முன்னால் வைத்தான். அது பத்தடி இல்லை, எட்டுதான் இருக்கும். கிட்டே இருப்பதைப் பார்ப்பதுதான் கஷ்டம். வேம்புலி டேப்பை எடுக்கப் போனார். இருக்கட்டும் என்றாள் அகல்யா.

சுவிட்சை அழுத்தினாள்.

முதலில் தெருவின் அந்தப் பக்கம் தெரிந்தது. பிறகு இந்தப் பக்கம். பிறகு பானெட்டின் மூலைகள், இரண்டும். வாங்கியதிலிருந்து அவற்றை அவள் உள்ளேயிருந்து பார்த்ததில்லை.

பிறகு ஹெல்மெட். அதன் உச்சியில் பிறைபோல ஒரு கீறல் இருக்கிறது என்றாள்.

விஷால் குனிந்து பார்த்தான். இருந்தது.

சீட்டு மேலே போக இன்னும் இடம் மிச்சமிருந்தது.

ஒரு சுற்று போய் வரலாம் என்றாள். பைக்கை வேம்புலியிடம் விட்டுவிட்டு விஷாலும் இடது சீட்டில் ஏறிக்கொண்டான். கள்ளிக்குப்பம் தெருக்களை மெதுவாகத் தாண்டினாள். பைபாஸ் வந்ததும் அழுத்தினாள். வண்டி அதுவரை அவளிடம் காட்டாத குரலைக் காட்டியது. பக்கத்தில் வந்த தண்ணீர் லாரி டிரைவர் திரும்பிப் பார்த்தார். ஓட்டுகிற முகம் அவருக்குத் தெரிந்தது. ஹாரன் அடித்து வழிவிட்டார்.

அகல்யாவும் ஒருமுறை அடித்தாள், நீளமாக.

வானகரம் நெருங்கியது. விஷால் தன் சீட்டை ஏற்றினான். இறக்கினான். மறுபடியும் ஏற்றினான்.

பிறகு ரோட்டைப் பார்த்தபடியே சொன்னான்:

“பொண்ணு ஊட்டாண்ட இது என் வண்டின்னு நம்ம அம்மா சொல்லி வெச்சிக்கீது. ஞாயித்துக்கெழம பொண்ணு பாக்கப் போறச்சே நீயே ஓட்டிகினு வர்றியாக்கா?”