பழைய படத்தின் சாவி

மருத்துவமனையின் ஸ்கேன் படங்களைப் பூட்டிவைக்கும் சர்வருக்கு எழிலரசி புது டிஜிட்டல் சாவி போட்டு எட்டு நாளாகிறது. பழைய சாவியை அன்றே அழிக்கச் சொல்லிவிட்டாள். ஏழு நாள் காத்திருப்பதாகச் சொன்ன சர்வர், தினமும் அவளிடம் நிச்சயமா என்று கேட்டது; தினமும் ஆம் என்றே அழுத்தினாள். பழைய படங்களும் தானாகவே புதுச் சாவிக்கு மாறியிருக்கும் என்று நம்பினாள்.

ஆபரேஷன் தியேட்டரிலிருந்து டாக்டர் அழைத்தார். "போன வருஷப் படத்தை அனுப்பும்மா. இந்தப் புள்ளி அப்பவே இருந்துச்சுன்னா தலையைத் திறக்க வேண்டியதில்ல."

கோப்பு இருந்தது. பெயர், தேதி, அளவு எல்லாம் சரியாக இருந்தன. திறக்கவில்லை. நேற்று அழிந்த பழைய சாவியில்தான் அது இன்னும் பூட்டியிருந்தது.

"சீக்கிரம்மா, மயக்க ஊசி போட்டாச்சு."

அதே நோயாளிக்கு இன்று காலை எடுத்து ஏற்றிய படத்தைத் தொட்டாள். அது உடனே திறந்தது. நெற்றிக்கு நேர் பின்னால், கடுகளவு புள்ளி.