நாலாயிரம் அடி

"சமையலும் நான், உங்க நடையும் நானா?" என்று கேலி செய்தபடி கூடத்தைச் சுற்றி வந்தாள் கோமளவல்லி.

நாற்காலியில் இருந்த கணவர் தணிகாசலத்துக்குச் சிரிப்பு வரவில்லை. இதய அறுவை சிகிச்சைக்குப் பின் தினம் நாலாயிரம் அடி நடக்கச் சொல்லி, அடிகளை எண்ணி இதயத்துக்குச் சொல்லும் ஒரு பட்டையைக் கையில் கட்டி அனுப்பியிருந்தார்கள். நடந்தால் வலிக்கிறதென்று அதை அவள் கையில் மாட்டிவிட்டார். மூன்றே வாரத்தில் அவருடைய செயற்கை இதயம் அவள் நடைக்குத் துடிக்கப் பழகிவிட்டது.

அன்று காலை அவள் காப்பி குடிக்க உட்கார்ந்ததும் அவர் உதடு நீலம் பாய்ந்தது. அதன்பின் அவள் நிற்கவேயில்லை.

"டாக்டர் எப்ப வராராம்?"

"நாளைக்குத்தானாம்," என்று போனை வைத்தார் அவர்.

சாயங்காலம் அவள் பாதங்கள் வீங்கியிருந்தன.

"ஏங்க, ஒரே ஒரு நிமிஷம் உட்கார்ந்துக்கட்டுமா?"