எதிர்ச்சுவரில் முப்பது பேர்

திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது.

பல்கலைக்கழகத்தின் பக்கம் திறக்கவே இல்லை. ரிசல்ட் பார்க்க அத்தனை பேரும் ஒரே நேரத்தில் தட்டினால் அதுதான் என்ன செய்யும், பாவம். மகள் ஸ்டூலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து போனை முறைத்துக்கொண்டிருந்தாள். அது என் பழைய போன். நான் ஒருமுறை கீழே போட்டதில் காமிரா கண்ணாடி கீறிப்போய், அவள் தலையில் வந்து விழுந்தது.

நான் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். கை சும்மா இருந்தால் எனக்கு இருப்புக் கொள்ளாது.

பெட்டிக்கு அடியில் கிடந்தது யார் சட்டை தெரியுமா? எதிர்க் கட்டடத்துப் பயிற்சி மையத்து சாருடையது. ரிசல்ட் அன்றைக்குப் போட்டுக்கொள்ள வேண்டுமாம், காலையிலேயே ஆளிடம் கொடுத்தனுப்பியிருந்தார். வெள்ளை வெளேர் சட்டை.

பெட்டியைக் கொஞ்சம் கூடுதலாக ஓரிடத்தில் வைத்தால் போதும். முதுகில் முக்கோணமாக முத்திரை விழும். கை அரித்தது. ஆனால் தொழிலில் துரோகம் செய்து எனக்குப் பழக்கமில்லை. காலரை இன்னும் அழுத்தித் தேய்த்தேன்.

இந்த மனுஷர்தான் நுழைவுத் தேர்வு நெருங்குகிற சமயம் பார்த்து என் மகளை வெளியே அனுப்பினார். மாதிரித் தேர்வில் இரண்டு தடவை சறுக்கிவிட்டாளாம். மையத்தின் பெயர் கெட்டுவிடுமாம்.

"இது தேறாதும்மா" என்றார் என்னிடம்.

கருகிப்போன துணியைப் பார்த்து நானும் அதைத்தான் சொல்வேன். துணியைப் பார்த்து.

அதற்கப்புறம் அவள் படித்ததெல்லாம் இந்த இஸ்திரிக் கடையில்தான். அழுக்கு மூட்டைக்கும் தேய்த்த அடுக்குக்கும் நடுவில் ஒரு இடம் பண்ணிக்கொண்டாள். துணி கொடுக்க வருகிறவர்கள் சும்மா போவார்களா? இன்னுமா படிக்கிறே என்று கேட்பார்கள். ஆமா, உங்களுக்கு எங்கே வலிக்குது என்பாள். வாய் கொஞ்சம் நீளம். என்னிடமிருந்து வந்ததுதான்.

விண்ணப்பம் போட்டதும் அந்த ஒரே இடத்துக்கு. கிடைக்காவிட்டால் என்னடி செய்வே என்று கேட்டேன். அடுத்த வருஷமும் அங்கேயேதான் போடுவேன் என்றாள். அந்தத் திமிரும் என்னுடையதுதான். அன்றைக்கு எனக்கு ராஜ்ஜியம் கிடைத்த மாதிரி இருந்தது.

ஆனால் இன்றைக்கு அவள் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

கடைக்கு நேர் எதிரே, மையத்தின் சுவரில், அந்தப் பேனர். நடுவில் சார். சுற்றி மூன்று வரிசையாக முப்பது பிள்ளைகள். எல்லோரும் பல் தெரியச் சிரிக்கிறார்கள். 'நாளைய சாதனையாளர்கள்' என்று கொட்டை எழுத்து. இத்தனை மாதமாகக் கடையைத் திறந்ததும் என் கண்ணில் குத்துகிற முதல் பொருள் அது. என் மகள் இல்லாத பேனர்.

அதன் மூலையில் கோணலாக ஒரு வெள்ளைக் கோடு. காக்காயின் வேலை என்று பார்த்த அன்றே சந்தோஷப்பட்டேன். எத்தனை மழை பெய்தும் அது போகவில்லை. நல்ல காக்கா.

என் போன் அடித்தது. கையில் பெட்டி இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டேன்.

"அம்மா, சௌக்கியமா? பாப்பா போட்டோ ஒண்ணு உடனே அனுப்புங்களேன். புது பேனருக்கு."

சார்தான். தெருவில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறவர், குரலில் அப்படியொரு தேன்.

பெட்டியை நிமிர்த்தி வைத்தேன். மகள் தலையைத் தூக்கினாள். வெளியே அனுப்புவதற்கு முன்பே அவளுக்கு விண்ணப்பம் போட்டுக் கொடுத்தது அந்த மையம்தான். பதிவு எண் அவர்களிடமும் உண்டு. எங்களுக்குத் திறக்காத பக்கம் அவருக்குத் திறந்துவிட்டது.

 அப்போதும் என் வாய் அடங்கவில்லை.

"எத்தனை பேர்கிட்ட போட்டோ கேட்டீங்க சார்?"

அந்தப் பக்கம் ஒரு இருமல்.

"இப்போதைக்கு... பாப்பாகிட்ட மட்டும்தாம்மா."

நான் அழுதுவிட்டேன். வெட்கமெல்லாம் பார்க்கவில்லை. கைக்கு அகப்பட்ட துணியில் முகத்தைத் துடைத்தேன், நல்லவேளை அது சாருடையது இல்லை.

மகள் அழவில்லை. எழுந்து வந்து போனுக்குப் பக்கத்தில் குனிந்தாள்.

"வரிசையில நின்ன என்னை வெளிய வரச் சொல்லி, நீதான் தேற மாட்டியே, எங்களை ஒரு போட்டோவாவது எடுத்துக் குடுன்னு சொன்னீங்களே, ஞாபகம் இருக்கா சார்? நான் எடுத்த அந்த போட்டோவே நல்லாத்தான் இருக்கு. அதையே வெச்சுக்கோங்க."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அன்றைக்கு வீட்டுக்கு வந்தவள், நிறுத்திட்டாங்கம்மா என்று மட்டும்தான் சொன்னாள். இதைச் சொல்லவே இல்லை.

சார் ஏதோ சொல்ல ஆரம்பித்தார். நான் முந்திக்கொண்டேன்.

"சட்டை ரெடி சார். ஆள அனுப்புங்க."

வைத்துவிட்டேன்.

ஸ்டூலில் கிடந்த போனில் வட்டம் நின்று பக்கம் திறந்திருந்தது. மகள் அதை எடுக்கவில்லை. வாசலில் போய் நின்றாள். நானும் போய் அவள் தோளில் கை போட்டுக்கொண்டேன்.

பேனர் மூலையில் இருந்த அந்தக் கோடு காக்கா போட்டது இல்லை. என் பழைய போனின் காமிராக் கீறல்.

எதிர்ச்சுவரில் முப்பது பேரும், நடுவில் சாரும், பல் தெரியச் சிரித்தபடி என் மகளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.