கடைசிச் சிவப்புப் பட்டை

ஜன்னல் வெயில் சாப்பாட்டு மேசையில் விழுந்திருக்கிறது. அலமாரியில் அவள் செய்த குட்டி லாரிகளும் ஒரு தீயணைப்பு வண்டியும் நிற்கின்றன. மேசையில் உள்ளங்கை நீள ஆம்புலன்ஸ். சக்கரமெல்லாம் பூட்டியாகிவிட்டது, பக்கவாட்டில் ஒட்டவேண்டிய சிவப்புப் பட்டைதான் பாக்கி. நிஜ ஆம்புலன்ஸ் ஓட்டும் அவளுக்கு வலது மணிக்கட்டு முறிந்து, கட்டுப் பிரித்து மூன்று வாரம் ஆகிறது. கை நடுங்காமல் இருந்தால்தான் நாளை மருத்துவர் வேலைக்கு அனுப்புவார். நேற்றைய நடுக்கத்தில் இரண்டு பட்டைகள் கிழிந்தன. இது கடைசி. தண்ணீரில் ஊறிய தாளிலிருந்து பட்டையைத் தூரிகையால் மெல்ல வண்டிமேல் நகர்த்துகிறாள், வலது கையாலேயே.

“மூச்சு விடும்மா. இல்லேன்னா உன்னையே அந்த வண்டியில ஏத்தணும்” என்கிறார் எதிரே இருக்கும் கணவர்.

“சிரிப்பு மூட்டாதீங்க. பேப்பரப் படிங்க.”

அரைமணி நேரமாக அவர் பேப்பரில் ஒரு பக்கம்கூடத் திருப்பவில்லை. பட்டை முன்கதவிலிருந்து பின்சக்கரம் வரை சுருக்கமில்லாமல் படிகிறது. ஓரத்தில் நின்ற நீர்முத்தைத் துணி நுனியால் ஒற்றி எடுக்கிறாள். விரல்களை வெயிலில் விரித்துப் பார்க்கிறாள். பிறகு சுட்டுவிரலால் வண்டியைப் பின்னாலிருந்து தள்ளுகிறாள். அது கோணாமல் அவரை நோக்கி உருள்கிறது. அவர் அவசர அவசரமாகக் காபிக் கோப்பையை ஓரம் கட்டி வழி விடுகிறார்.