காப்பிக்கலர்த் துணி

“குச்சி இல்லாம எப்படிடா ட்ரம்ஸ் வாசிப்பே?” கஸ்தூரிரங்கன் கிடாரைக் கீழே வைத்துவிட்டான்.

“கடையில அப்பா காலைலேர்ந்து அந்தத் துணி பக்கத்துலயே உக்காந்துக்கினு இருந்தாரு. எப்படிடா உருவறது?” என்றான் கருணாகரன்.

அப்பா சண்முகசுந்தரத்துக்கு தி. நகரில் ஜவுளிக்கடை. “கொட்டடிச்சேன்னா கைய ஒடிச்சிருவேன்” என்று அவர் பழைய ஜோடியை முறித்துப் போட்ட நாளிலிருந்து, கருணாகரன் புதுக் குச்சிகளைக் காப்பிக்கலர்த் துணிக்கட்டுக்குள்தான் சொருகி வைப்பான். இரண்டு தீபாவளியாக விலைபோகாத துணி. அந்தக் கலரைக் கண்டால் எருமைகூட முகத்தைத் திருப்பிக்கொள்ளும்.

அன்று ஸ்டுடியோவில் பதிவாகிக்கொண்டிருந்தது அவர்கள் குழுவின் முதல் எல்.பி. இசைத்தட்டு. ஏழு பாட்டு ஆகிவிட்டது. நாளையிலிருந்து இந்த அடையாறு ஸ்டுடியோ சினிமாக்காரர்களுக்கு. எட்டாவது பாட்டு இன்று முடியாவிட்டால் இசைத்தட்டே இல்லை. கடைசியில் கேண்டீனிலிருந்து இரண்டு கரண்டிக் காம்புகள் வந்தன.

ஒலிப்பதிவாளர் நூர் முஹம்மது சிவப்பு விளக்கைப் போட்டார். அது எரியும்வரை யாரும் கதவைத் திறக்கக் கூடாது.

பாதிப் பாட்டில் கருணாகரன் நிமிர்ந்தான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அப்பா. தோளில் காப்பிக்கலர்த் துணிக்கட்டு.

அகப்பட்டாயிற்று.

பாட்டு முடிய வேண்டிய இடம் வந்தது. கஸ்தூரிரங்கன் சைகை காட்டினான். கருணாகரன் நிறுத்தவில்லை. நிறுத்தினால் விளக்கு அணையும், கதவு திறக்கும். மற்றவர்களும் வேறு வழியில்லாமல் கூடவே வாசித்தார்கள். பயத்தில் அவன் அடித்த அடியில் ஒரு காம்பு முறிந்து பறந்தது.

விளக்கு அணைந்தது. “மறுபடி எடுக்கணும்பா” என்றார் நூர் முஹம்மது. அப்பா உள்ளே வந்தார்.

“அப்பா, இனிமே தொடமாட்டேன்ப்பா. இந்த ஒரு பாட்டு மட்டும் முடிஞ்சிரட்டும்.” கருணாகரன் மிச்சமிருந்த காம்பை முதுகுக்குப் பின்னால் ஒளித்தான்.

அவர் தோளிலிருந்து துணிக்கட்டை இறக்கினார். துணிக்குள் கைவிட்டு, குச்சிகளை உருவி அவன் மடியில் போட்டார்.

“குச்சிய எடுக்காமயே ஓடுதியேன்னு பின்னாலயே வந்தேன். கடையில சேந்த புது ஆளு இத வெட்டி வித்துரக் கூடாதேன்னுல்ல காலைலேர்ந்து காவல் இருந்தேன்?”

கருணாகரன் விழித்தான்.

“ரெண்டு தீபாவளியா இந்தத் துணிய எத்தன பேரு கேட்டாங்க தெரியுமால? வித்துட்டா, நீ குச்சிய எங்க ஒளிச்சு வைப்பே?”